இங்கே அவுட், அங்கே ஓட்டம்

"இன்னிக்கு எட்டு மணிக்குள்ள சொல்லிடு ஷானா. அதுக்கப்புறம் உன் பொண்ணுக்கு இடம் கிடையாது."

மைதானத்துக் கம்பிவலையில் பத்து விரலையும் கோத்துக்கொண்டு கிரேடி இதைச் சொன்னான். வாய் நிறையச் சூரியகாந்தி விதை. சொன்ன கையோடு தோலைத் துப்பினான். ஷானாவுக்குச் சொன்னதைவிடத் துப்பியதுதான் முதலில் எரிச்சலைக் கிளப்பியது.

"பத்து வயசுப் பொண்ணுக்குக் கெடு வைக்கிறியா? என்ன ஏலமா விடற?"

"ஏலம்னே வச்சுக்கோ. ஒரு இடத்துக்கு ஏழு பேர் நிக்கறாங்க. சனிக்கிழமை காலையில முதல் பயிற்சி. வந்தா உள்ள, வரலைன்னா வெளிய."

"சனிக்கிழமை எங்களுக்கு ஃபைனல்."

கிரேடி சிரித்தான். பள்ளிக்கூடத்தில் ஷானாவுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். அப்போதும் இதே சிரிப்புதான். இப்போது ஹார்னெட்ஸ் என்கிற டிராவல் டீமுக்குப் பயிற்சியாளர். ஹார்னெட்ஸ் என்றால் குளவி. வாராவாரம் வேனில் ஏறி மூன்று மாவட்டம் தாண்டிப் போய் சனி, ஞாயிறு முழுக்க சாஃப்ட்பால் ஆடுகிற குளவிகள். பளபளக்கும் சட்டை, பேர் பொறித்த பை, பைக்குள் இன்னொரு பை.

ஷானா பயிற்சி தருவது ஊர் லீக்கில். யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் அணி, எல்லோருக்கும் மட்டை பிடிக்க முறை வரும். சட்டைக்குக் காசு கொடுத்தவர் செப்டிக் டேங்க் சுத்தம் செய்கிற டூலி. ஆகவே பன்னிரண்டு சிறுமிகளின் முதுகிலும் "உங்கள் கழிவு, எங்கள் கவலை" என்று பெரிய எழுத்தில் இருந்தது. பிள்ளைகள் அதைப் பெருமையாகத்தான் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

"செப்டிக் டேங்க் ஃபைனல்!" என்றான் கிரேடி. "ஷானா, நல்லதுக்குச் சொல்றேன். ஐந்தில வளையாதது ஐம்பதில வளையுமா? போன ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சுன்னு டஸ்டின் சொன்னானா?"

சொன்னான். குளவிகளுக்கு ஒரு ஆள் குறைகிறது என்று ஒரே ஒரு ஆட்டத்துக்கு மகள் ரேலினை ஷானாவின் கணவன் டஸ்டின் கூட்டிப் போயிருந்தான். ஷானா போகவில்லை, வேண்டுமென்றே போகவில்லை. அங்கே ரேலின் மட்டை பிடித்தபோது மூன்றாவது முறையும் மட்டையை வீசிப் பந்தைத் தவறவிட்டாள், மூன்றாவது ஸ்டிரைக். மட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் எதிரணிக் கேட்சரும் அந்தப் பந்தைப் பிடிக்காமல் விட்டாள். ஊர் லீக்கில் மூன்றாவது ஸ்டிரைக் என்றால் அவுட்தான். கேட்சர் பிடித்தாளா விட்டாளா என்று ஒருவரும் கேட்பதில்லை. டிராவல் ஆட்டத்தில் அப்படி இல்லை. கேட்சர் விட்டுவிட்டால் முதல் பேஸுக்கு ஓடலாம். அந்த பேஸுக்குப் பந்து முந்தி வந்தால்தான் அவுட். "ஓடு! ஓடு!" என்று மைதானமே கத்த, ரேலின் மட்டையைத் தரையில் இழுத்துக்கொண்டு, எதிரணிக் கேட்சரிடம் "பரவாயில்ல" என்று வேறு சொல்லிவிட்டு, சாவகாசமாகத் திரும்பி நடந்திருக்கிறாள். குளவிகளின் பெற்றோர் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம்.

"ஊர் லீக்ல ஊறப் போட்டா இப்படித்தான் ஆகும்" என்றான் கிரேடி. "இன்னும் ரெண்டு வருஷம் விட்டா வளைக்க முடியாது."

"வளைக்கிறேன் வளைக்கிறேன்னு நீங்கதான் ஒடிச்சு வைக்கிறீங்க. பன்னெண்டு வயசு வரைக்கும் கிடையாதுன்னு சொன்னேன். இப்பவும் அதேதான்."

"எட்டு மணி" என்றான் கிரேடி, மறுபடியும் துப்பினான்.

ஷானா தெரியாமல் பேசுகிறவள் அல்ல. அவளும் ஒரு காலத்தில் பந்து வீசியவள்தான். ஒன்பது வயதில் டிராவல் வேனில் ஏறியவள், பதினாறில் தோளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு இறங்கினாள். இன்றைக்கும் மேல் அலமாரியிலிருந்து ஒரு டப்பா எடுக்க வலது கை ஏறாது. தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் கதவைக்கூட இடது கையால்தான் இழுக்கிறாள். ஊரில் பாதிப் பேர் இந்தக் கோடை முழுக்க அவளைத் துளைத்தெடுத்தார்கள். மளிகைக்கடையில் கேட்டார்கள், சர்ச் வாசலில் கேட்டார்கள், பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஷானாவும் சளைக்காமல் ஒவ்வொருவருக்கும் பதில் கொடுத்தாள், அதில் அவளுக்கு ஒரு ருசியே வந்துவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ரேலின் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பந்து வீசுகிற பெண் இருக்கும் வீட்டில் எல்லாம் இப்படி ஒரு பக்கெட் இருக்கும். உள்ளே பந்துகள், மேலே மெத்தை வைத்த மூடி. பெற்றவர்களில் ஒருவர் அதன்மேல் உட்கார்ந்து பந்து பிடிக்க வேண்டும். வழக்கமாக டஸ்டின்தான் உட்காருவான். அவன் திங்கட்கிழமை எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனவன், வர இரண்டு வாரம் ஆகும்.

"நீ உக்காரும்மா. இருபது பந்துதான்."

ஷானா இடது கையில் கிளவுஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ரேலின் கையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இடுப்போரமாகப் பந்தை விட்டாள். பந்து வந்ததை ஷானா பார்க்கவில்லை. உள்ளங்கை தீயாய் எரிந்தபோதுதான் தெரிந்தது.

"அம்மாடி!"

"சாரி."

"சாரியா? இன்னொண்ணு போடு."

இன்னொன்று வந்தது. அதற்கடுத்தது அதையும் மிஞ்சியது. ஷானா பக்கெட்டிலிருந்து எழுந்துவிட்டாள். இந்தப் பெண்ணை வாரத்தில் மூன்று நாள் மைதானத்தில் பார்க்கிறாள். இந்தப் பந்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

"ஆட்டத்துல நீ இப்படிப் போடறதே இல்லையேடீ."

ரேலின் ஷூ நுனியால் செம்மண்ணைக் கிளறினாள்.

"கேக்கறேன்ல?"

"டெல்லாவுக்குக் கட்டைவிரல் வீங்கிப்போச்சு. மே மாசம். என் பந்துதான் பட்டுச்சு. அதுலேருந்து மெதுவாத்தான் போடறேன்."

டெல்லா அணியின் கேட்சர். முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டவள். முதல் வகுப்பிலிருந்து ரேலினுக்கு ஒட்டிப் பிறக்காத சகோதரி.

"மெதுவாப் போடுன்னு அவ கேட்டாளா?"

"இல்ல. அவளுக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியலையே!"

"உனக்கு எப்படித் தெரியும்? கிரேடியோட சண்டை போடவே உனக்கு நேரம் பத்தல."

ஷானாவுக்குச் சுருக்கென்றது. "உனக்காகத்தான்டீ சண்டை போடறேன். அந்தக் கூட்டத்துல சேர்ந்து என் தோள் என்ன ஆச்சுன்னு பாக்கறல்ல?"

"அது உன் தோளும்மா. இது என் தோள்." ரேலினின் முகம் சிவந்துவிட்டது. "போறாளா போறாளான்னு ஊரே கேட்டுச்சு. எல்லாரும் உன்னைக் கேட்டாங்க. என்னை யாராவது கேட்டீங்களா? நீ கேட்டியா? அங்க ஒரு பொண்ணு என் பந்தைப் புடிச்சாம்மா. எல்லாத்தையும் புடிச்சா. நான் எவ்வளவு வேகமாப் போட்டாலும் புடிச்சா."

மளிகைக்கடைக்கும் பல் டாக்டருக்கும் கொடுத்த பதில்களில் ஒன்றுகூட இங்கே பொருந்தவில்லை. பெண்ணைக் கேட்காமலே கல்யாணம் பேசி முடித்த கதையாக, இந்த வீட்டுப் பெண்ணை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிரேடியைத் திட்டிய வாயால் தன்னையே திட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது. பெண்ணுக்கு முன்னால் அதைக் காட்டிக்கொள்ளவும் மனம் வரவில்லை.

மறுபடி பக்கெட்டில் உட்கார்ந்தாள்.

"சரி. இப்போ கேக்கறேன். போறியா?"

"போறேன்."

யோசிக்கவே இல்லை.

"குளிர்காலம் மூணு மாசம் பந்தைத் தொடக் கூடாது."

"ரெண்டு."

"மூணு. கை வலிச்சா அன்னிக்கே சொல்லணும். மறைச்சேன்னு தெரிஞ்சுது, அந்த நிமிஷமே வேனை விட்டு இறக்கிடுவேன்."

"சரி, மூணு. ஆனா சனிக்கிழமை ஃபைனல் ஆடிட்டுத்தான் போவேன். டெல்லாவை விட்டுட்டு ஃபைனலுக்கு மட்டம் போட மாட்டேன்."

ஷானா முதல் தடவையாகச் சிரித்தாள். மணி ஏழே முக்கால். போனை எடுத்தாள்.

"ரேலின் வருவா" என்றாள். அந்தப் பக்கம் கிரேடி "பாத்தியா!" என்று தொடங்குவதற்குள், "சனிக்கிழமை ஃபைனல் முடிஞ்சு, ஞாயித்துக்கிழமைலேருந்து" என்றாள்.

"சனிக்கிழமைன்னு சொன்னேனே. அந்த நாத்தம் புடிச்ச சட்டைக்காகவா இடத்தை விடப் போறா?"

"எங்க நாத்தம் எங்களுக்கு. ஞாயித்துக்கிழமை."

"அப்போ கதவு மூடியாச்சு ஷானா."

"நல்லா இறுக்கி மூடிக்கோ, காத்து வரப்போகுது. நெடுஞ்சாலையில இறங்கற ஒவ்வொரு எக்ஸிட்டுக்கும் ஒரு டிராவல் டீம் இருக்கு. உன்னதுதான் சொர்க்கவாசல்னு நினைச்சியா?"

ரேலின் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "போச்சா?" என்றாள். "அந்த ஒண்ணு போச்சு" என்றாள் ஷானா. "ஆகஸ்ட்ல மத்த டீமெல்லாம் ஆள் எடுக்கும், அப்போ தேடுவோம்." ரேலின் உதட்டைக் கடித்தாள். பிறகு, இன்னும் பதினேழு பந்து பாக்கி இருக்கிறது என்று நினைவுபடுத்தினாள்.

சனிக்கிழமை காலை, ஆட்டத்துக்குக் கால் மணி முன்பு, ரேலின் டெல்லாவிடம் சொன்னாள். கட்டைவிரல், மெதுப் பந்து, டிராவல் டீம், எல்லாம். டெல்லா அழுவாள் என்று ஷானா எதிர்பார்த்தாள். டெல்லா கேட்சர் முகமூடியைத் தரையில் வீசி அடித்தாள்.

"மே மாசத்துலேருந்தா? எனக்குக் குழந்தைப் பந்தா போட்டுட்டிருந்தே? நானும் ஒண்ணு விடாம புடிக்கிறேன்னு எங்க அப்பாகிட்ட பீத்திக்கிட்டிருந்தேன்டீ!"

"உன் விரல்..."

"என் விரலு, என் கிளவுஸு. உன்னை யாரு கேட்டா? இன்னிக்கு முழுசாப் போடற. ஒரு பந்து மெதுவா வந்துது, திருப்பி உன் மூஞ்சியிலயே அடிப்பேன்."

ரேலின் அம்மாவைப் பார்த்தாள். ஷானாவுக்குக் கணக்குத் தெரியும். மெதுப் பந்து போட்டால் டெல்லா பிடிப்பாள், கோப்பையும் கிடைக்கலாம். முழு வேகத்தில் போட்டால் டெல்லாவைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு பந்துக்கும் எதிரணி ஒரு பேஸ் முன்னேறும், நாலு பேஸும் தொட்டால் ஒரு ஓட்டம்.

"கேட்சர் சொல்றதைக் கேளு" என்றாள் ஷானா.

தோற்றார்கள். அதை இப்போதே சொல்லிவிடலாம், கோப்பை வரும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். ரேலின் எட்டுப் பேரை ஸ்டிரைக்கில் வீழ்த்தினாள். டெல்லா பாதிப் பந்தைப் பிடித்தாள். மீதியைத் தோளிலும் தொடையிலும் நெஞ்சுக் கவசத்திலும் வாங்கினாள், சிலது பின்னால் ஓடின. நான்காவது சுற்றில் ஒரு அப்பா எழுந்து நின்று, "மெதுவாப் போடச் சொல்லும்மா! ஆட்டம் கையை விட்டுப் போகுது!" என்று ஷானாவைப் பார்த்துக் கத்தினார். ஷானா வாயைத் திறப்பதற்குள் டெல்லா முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரும்பினாள்.

"யாரும் மெதுவாப் போட வேணாம்! உக்காருங்க!"

அவர் உட்கார்ந்துவிட்டார்.

கடைசிச் சுற்றில் எதிரணியின் கடைசி ஆள். ஓட்டங்களில் அவர்கள் எட்டாத தூரம் முந்தியிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு பேர் அவுட், மூன்றாவது அவுட்டோடு சுற்று முடியும். ரேலின் கையைச் சுற்றி, அந்தக் கோடையின் முழுப் பலத்தோடும் விட்டாள். மட்டை காற்றை அடித்தது. பந்து டெல்லாவின் நெஞ்சில் மோதிக் கீழே விழுந்தது. மூன்றாவது ஸ்டிரைக். அம்பயர் "அவுட்!" என்று கையைத் தூக்கினார். மட்டை பிடித்தவள் தலையைக் குனிந்து நடந்தாள். முதல் பேஸில் நின்றவளும் கிளவுஸைக் கழற்றிக்கொண்டு அணி உட்காரும் டக்அவுட்டுக்குத் திரும்பினாள்.

டெல்லா மட்டும் நிற்கவில்லை. புழுதியில் துழாவிப் பந்தை எடுத்தாள், எழுந்தாள், ஆளே இல்லாத முதல் பேஸுக்குப் பலம் கொண்ட மட்டும் எறிந்தாள். பந்து பேஸைத் தாண்டி, வலது மூலை வேலிவரை உருண்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"அவ அவுட்டும்மா" என்றார் அம்பயர். "எதுக்கு எறிஞ்சே?"

டெல்லா முகமூடியைக் கழற்றினாள். கன்னத்தில் கம்பி பதிந்த கோடு. கட்டைவிரல் மறுபடி வீங்கத் தொடங்கியிருந்தது.

"இங்க அவுட்" என்றாள். "அடுத்த வருஷம் நான் போற இடத்துல ஓடுவாங்க."

ரேலின் பந்தை எடுத்து வர வேலியை நோக்கி ஓடினாள். ஷானா டக்அவுட் படியைத் தாண்டி, முதல் பேஸுக்குப் போய், இடது கையில் கிளவுஸை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு தடவை எறி" என்றாள்.