பின்சீட்டுப் பேச்சு

"நீயும் கூட வரியா?" என்று அவர் கேட்டபோது அவள் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கடைக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தாள்.

"எங்க?"

"ஆயிரத்து அறுநூறு."

என்னவென்று அவளுக்குத் தெரியும். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மோட்டார் சைக்கிளில் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் ஓட்டி முடிக்க வேண்டும். அவருடைய பைக் குழுவில் ஏழெட்டுப் பேர் முடித்துவிட்டார்கள். குழுவில் வயதில் மூத்தவர் அவர்தான். நிதானமாக ஓட்டுவதால் அவருக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆமை ஏற்கெனவே இரண்டு முறை தனியாகக் கிளம்பி, ஒரு தடவை செயின் அறுந்தும், ஒரு தடவை மழையில் மாட்டியும் பாதியில் திரும்பியிருந்தது.

"நான் எதுக்கு? மூட்டை மாதிரி பின்னாடி உக்காரவா?"

"பேசிட்டு வா. எனக்குத் தூக்கம் வராம இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும். இந்த மனிதரோடு பேசுவதை அவள் கிட்டத்தட்ட விட்டே விட்டிருந்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். முன்பெல்லாம் வேலை முடிந்து வந்ததும் எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டார்கள், யார் உள்ளேயே அழுதார்கள் என்று கதை கதையாகச் சொல்வார். இரண்டு வருடமாக எல்லாம் அடங்கிப்போயிருந்தது. எது சொன்னாலும் ஒரு புன்னகை, ஒரு தலையாட்டல். குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் தலையாட்டுவார். குழாய் பாட்டுக்கு ஒழுகும். "வீட்டுல எனக்குப் பேச்சுத்துணை ஃப்ரிட்ஜ்தான்டி. அதாச்சும் உம்முனு பதில் சொல்லுது" என்று வேறு ஊரில் இருக்கும் மகளிடம் ஒருநாள் போனில் சொல்லியிருந்தாள்.

ஆனாலும் அவர் வாய் திறந்து ஒன்று கேட்டு நாளாகியிருந்தது. அதனாலேயே சரி என்றாள்.

கிளம்பிய அன்று இருட்டு பிரியவில்லை. இருவர் தலைக்கவசத்துக்குள்ளும் சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் பொருத்தியிருந்தார். ஊர் எல்லை தாண்டியதும் அவர் குரல் காதுக்குள்ளேயே வந்தது.

"குளுருதா?"

"இல்ல. இடுப்புதான் என்ன சொல்லுமோ தெரியல."

"சொல்லும், சொல்லும். மத்தியானத்துக்கு மேல கத்தவே ஆரம்பிக்கும்."

நகைச்சுவையா? இவரிடமிருந்தா?

விடிந்தது. நெடுஞ்சாலை வெறிச்சென்று நேராக ஓடியது. இரு பக்கமும் வயல், பிறகு பொட்டல், பிறகு கிடங்குகள். அவள் முதலில் தயங்கித் தயங்கிப் பேசினாள். பிறகு அணை உடைந்தது. அவள் வேலை ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனையில். சத்தம் புகாத ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் நோயாளியை உட்காரவைத்து, வெளியிலிருந்து மெல்லிய ஒலிகளை அனுப்பி, எது கேட்கிறது எது கேட்கவில்லை என்று பார்க்க வேண்டும். சத்தம் கேட்டால் நோயாளி கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். அதை நர்ஸைக் கூப்பிடும் மணி என்று நினைத்து விடாமல் அழுத்திக்கொண்டே இருந்த ஒரு பெரியவரின் கதையைச் சொன்னாள்.

"அப்புறம்? யாரும் வரலேன்னு திட்டினாரா?"

"திட்டினாரா! ஒரு வாய் தண்ணி குடுக்க நாதியில்லையான்னு ஒரே கூச்சல். அவருக்குக் காது நல்லாவே கேக்குதுன்னு எழுதி அனுப்பிட்டேன்."

அவர் சிரித்தார். சிரிப்பு அவள் காதிலும் கேட்டது, அவர் முதுகிலும் குலுங்கியது. பெரிய டாக்டருக்கும் கணக்குப் பிரிவுக்காரருக்கும் என்ன தகராறு, பக்கத்து வீட்டுக்காரி ஏன் வேலையை விட்டாள் என்று அவரே துருவித் துருவிக் கேட்டார். இரண்டு பெட்ரோல் நிறுத்தங்கள் வருவதற்குள், இரண்டு வருடத்தில் பேசாததைப் பேசியாகிவிட்டது.

சந்தோஷத்துக்கு அடியில் ஒரு கசப்பும் ஊறிற்று. இத்தனை நன்றாகப் பேசத் தெரிந்த ஆள்தானா வீட்டில் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது? அப்படியானால் மனசு இல்லாமல்தானே?

மத்தியானம் ஒரு பெரிய பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினார்கள். ஒட்டினாற்போல் ஒரு சாப்பாட்டுக்கடை. உள்ளே காற்றாடி உறுமியது. சமையல்கட்டில் பாத்திரங்கள் மோதின. யாரோ ஒரு குழந்தை வீறிட்டது. தலைக்கவசத்தைக் கழற்றி இடுக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் நடந்தபடி, "எனக்கு ரொட்டி போதும், உங்களுக்கு?" என்று கேட்டாள்.

அவர் புன்னகைத்துத் தலையாட்டினார்.

"ரொட்டியா, சோறா?"

மறுபடியும் அதே புன்னகை, தலையாட்டல். வந்துவிட்டாரா பழைய ஆள் என்று அவளுக்குச் சுருக்கென்றது. கடையில் மேஜைகள் காலியாக இருந்தன. அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் எதிரே கிடந்த நாற்காலியை விட்டுவிட்டு, மேஜையைச் சுற்றி வந்து, அவளுடைய வலப்புறம் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்: "என்ன சொன்ன?"

அவள் அந்தப் புன்னகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்குப் புதிதல்ல. தினமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்கிற புன்னகை. கேட்காதவர்கள், கேட்டதாகக் காட்டிக்கொள்ள, அரை நொடி தாமதமாகச் சிரிக்கிற சிரிப்பு. வீட்டு சோபாவில் எப்போதும் வலது ஓரத்தையே பிடிப்பது, போனை இடது காதிலேயே வைப்பது, கூட்டமான வீடுகளுக்கு வர மறுப்பது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி வந்தன.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனபோது அவருடைய வலப்பக்கம் நின்றாள். துண்டால் வாயைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில் சொன்னாள்:

"நம்ம வீடு தீப்பிடிச்சு எரியுதாம்."

"ம்ம். சரி, சரி" என்றார் அவர், கையை உதறிக்கொண்டே.

வண்டி கிளம்பியது. ஒரு பாலம் போயிற்று, ஒரு தொழிற்சாலை போயிற்று. பிறகு காதுக்குள் அவர் குரல் வந்தது.

"என்ன, சத்தத்தையே காணோம்? இடுப்பு வலியா?"

"வலது காது எப்போலேர்ந்து கேக்கல?"

வண்டியின் வேகம் குறைந்தது அவளுக்குத் தெரிந்தது. அவருடைய மூச்சு மட்டும் ஸ்பீக்கரில் வந்துகொண்டிருந்தது.

"நீ பொண்ணோட பிரசவத்துக்குப் போயிருந்தல்ல," என்றார் கடைசியில். "அப்போ. ஒருநாள் காலைல எழுந்தேன், காதுக்குள்ள ஒரே ரீங்காரம். சளின்னு விட்டுட்டேன். ஒரு மாசம் கழிச்சு, உன் ஆஸ்பத்திரிக்குப் போகாம, வேற ஒரு டாக்டர்கிட்ட போனேன்."

"என்ன சொன்னார்?"

"மொத வாரமே வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாமாம்."

அவளுக்குத் தெரியும். அதே வாக்கியத்தை எத்தனை பேரிடம், எவ்வளவு பதமாகச் சொல்லியிருக்கிறாள்! தினமும் போனில் பேசியிருந்தார். குழந்தை பால் குடிக்கிறதா என்று கேட்டிருந்தார். இதை மட்டும் சொல்லவில்லை.

"ஏன் சொல்லல?"

"ஊரார் காதெல்லாம் பாக்கற உன்கிட்ட வந்து, கோட்டை விட்டுட்டேன்னு எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிப் போச்சு. நீ பேசறதுல பாதி விழாது. ரெண்டு தடவை 'என்ன, என்ன'ன்னு கேட்டா உன் மூஞ்சி மாறிடும். அதான் தலையாட்டிட்டேன்."

"நான் சொல்றத ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விடறீங்கன்னு நினைச்சிட்டு இருந்தேன்."

"விடறதுக்கு இன்னொரு காது எங்க இருக்கு?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தலைக்கவசத்துக்குள் கண்ணைத் துடைக்க முடியவில்லை. முன்கண்ணாடி ஆவி படிந்து, உலகம் வெறும் வெள்ளையாகிவிட்டது. கண்ணாடியைச் சற்றே தூக்கினாள்; காற்று சுளீரென்று முகத்தில் அடித்தது. பழக்கப்பட்ட மூளை அப்போதுதான் வேலை செய்தது. இந்தக் காற்றின் இரைச்சல்.

"காதுல அடைப்பான் வெச்சிருக்கீங்கல்ல? அந்த ஸ்பாஞ்சு?"

அவர் வேகத்தைக் கூட்டினார்.

"வெச்சிருக்கீங்களா, இல்லையா?"

"வெச்சா நீ பேசறது மங்கலா கேக்குது," என்றார். "வீட்டுலதான் கேக்கல. இதுல தெளிவா கேக்குது. ஸ்பீக்கர் நேரா இடது காதுலயே இருக்கு. கடைல இத வாங்கி மாட்டிப் பாத்தப்பவே தோணிச்சு. அதான் உன்னக் கூப்பிட்டேன்."

விடிந்ததிலிருந்து அத்தனை நூறு கிலோமீட்டரும், மிச்சமிருந்த ஒரே நல்ல காதை அந்த இரைச்சலுக்குத் தின்னக் கொடுத்துவிட்டு, அவளுடைய ஆஸ்பத்திரி வம்பைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"வண்டிய நிறுத்துங்க."

"நேரம்..."

"நிறுத்துங்கன்னு சொன்னேன்."

சாலையோரம் ஒரு விளம்பரப் பலகையின் நிழலில் நிறுத்தினார். அவள் அவருடைய தலைக்கவசத்தைக் கழற்றினாள். பையிலிருந்து மஞ்சள் ஸ்பாஞ்சு அடைப்பான்களை எடுத்து, விரல்களுக்கிடையில் உருட்டி ஒல்லியாக்கினாள். நோயாளிகளுக்குச் செய்வதுபோலவே காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே செருகி, அது விரிந்து அடையும்வரை விரலால் அழுத்திக்கொண்டு நின்றாள். அவர் பள்ளிக்கூடத்துப் பையன் போல் தலையைச் சாய்த்துக் கொடுத்தார். திட்ட வேண்டும் என்றுதான் இறங்கினாள். அந்தக் காதின் ஓரத்தில் நரைத்திருந்த இரண்டு முடிகளைப் பார்த்ததும் திட்ட மறந்துபோயிற்று.

பிறகு சைகையில் சொன்னாள்: தோளில் ஒரு தட்டு தட்டினால் சரியா என்று அர்த்தம். இரண்டு தட்டினால் நிறுத்து.

மிச்சத் தூரம் பேச்சில்லாமல் போயிற்று. வீட்டு மௌனம்போல் இல்லை அது. அவள் அவ்வப்போது ஒரு தட்டு தட்டினாள். அவர் இடது கையால் அவள் முழங்காலைத் தட்டிப் பதில் சொன்னார். வெயில் சாய்ந்தது. வண்டிகளின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. இடுப்பு கத்தி ஓய்ந்து மரத்துப்போயிருந்தது. இருட்டி வெகுநேரம் கழித்து, வண்டி சாலையின் ஓரக்கோட்டை நோக்கி மெல்ல நழுவுவதை அவள் உடம்பு உணர்ந்தது. இரண்டு தட்டு தட்டினாள். அவர் நிமிர்ந்து, ஒன்றுமில்லை என்று கையாட்டினார். கொஞ்ச தூரத்தில் மறுபடி நழுவியது. இந்த முறை தட்டவில்லை, குத்தினாள்.

அடுத்து வந்த பெட்ரோல் நிலையத்தின் பின்புறம் லாரிக்காரர்கள் படுக்க ஒரு நீள பெஞ்சு இருந்தது. "அரை மணி நேரம். எழுப்பிடு. அப்பவும் முடிச்சிடலாம்" என்றார். படுத்த மாத்திரத்தில் தூங்கிவிட்டார்.

மகள் போன் செய்தாள். போனில் அப்பா அம்மா எங்கே போகிறார்கள் என்று காட்டும் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். "என்னம்மா, புள்ளி நகரவே மாட்டேங்குது?"

"அப்பா தூங்கறாரு."

"எழுப்பும்மா! இன்னும் முந்நூறுதான்!"

அரை மணி ஆனதும் எழுப்பத்தான் போனாள். அவர் இடப்பக்கம் ஒருக்களித்து, நல்ல காதைச் சுருட்டிய ஜாக்கெட்டில் புதைத்துக்கொண்டு கிடந்தார். "என்னங்க" என்று கூப்பிட்டாள். பக்கத்தில் ஒரு லாரி உறுமிக் கிளம்பியது, இமைகூட அசையவில்லை. அவ்வளவு அமைதியாக எங்கோ இருந்தார். தோளைத் தொட நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள். ஆயிரத்து அறுநூறு எங்கே போகிறது, இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று நினைத்தாள். அந்தக் கொஞ்சம் மூன்று மணி நேரமாயிற்று.

எழுந்து நேரத்தைப் பார்த்தவர் அவளைப் பார்த்தார். அடைப்பானை எடுத்து அவளிடமே நீட்டினார். அவள் செருகிவிட்டாள்.

கெடு முடிந்தபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஐம்பது கிலோமீட்டர் பாக்கி. அவர் ஓரமாக நிறுத்தி, அடைப்பான்களைப் பிடுங்கிவிட்டு, சோம்பல் முறித்தார். முகத்தில் பெரிய வருத்தம் எதுவும் தெரியவில்லை. பொரிந்தது அவள்தான்.

"ஐம்பது! வெறும் ஐம்பது! ரெண்டாவது டீயக் குடிக்காம இருந்திருக்கலாம். நான் அந்த பாத்ரூம் வரிசைல நின்னிருக்க வேண்டாம்."

"நீ என்ன எழுப்பியிருக்கலாம்" என்றார்.

"எழுப்பினேன். கேக்கல."

இருவரும் சாலையோரத்தில் நின்று சிரித்தார்கள்.

திங்கட்கிழமை அவரைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, பட்டனைக் கையில் கொடுத்தாள். இடது காது, வயதுக்கு மோசமில்லை. மூச்சு அவளுக்குச் சீராக வந்தது. வலது காதுக்கு மாற்றினாள். அவர் பட்டனை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். அவள் இன்னும் எந்த ஒலியும் அனுப்பவே இல்லை.

மைக்கில் சொன்னாள்: "ஏமாத்தாதீங்க. கேட்டா மட்டும் அழுத்துங்க."

அவர் தலைகுனிந்துகொண்டார். அதன் பிறகு நெடுநேரம் அவர் விரல் அசையவில்லை. அவள் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனாள். எல்லோருக்கும் செய்கிற வேலைதான். ஆனால் அன்று அந்த அசையாத விரலைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளால் தாங்கக்கூடியதாக இல்லை. வெகு உயரத்துக்குப் போன பிறகு விரல் ஒரு தடவை அழுந்தியது. கருவி வைத்தால் ஓரளவு கேட்கும் என்று அதற்கு அர்த்தம்.

கருவி வந்த முதல் வாரம் அவர் எல்லாவற்றுக்கும் குறை சொன்னார். செய்தித்தாள் இவ்வளவு சத்தம் போடுமா? செருப்பு இப்படியா அறையும்? ஆமைக்கு இன்னொரு முயற்சி உண்டா என்று குழுவில் கேட்டார்களாம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்கு இடப்பக்கம், கருவி வைத்த காது அவள் பக்கமாக, உட்கார்ந்து எதையோ பழுது பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

"நீ இவ்வளவு பெருமூச்சு விடுவியா?"

"நானா?"

"இப்பகூட விட்ட. காலைலேர்ந்து நாலஞ்சு."

தான் பெருமூச்சு விடுவதே அவளுக்குத் தெரியாது. எத்தனை நாளாக என்றும் தெரியவில்லை. கையிலிருந்த துணியை வைத்தாள்.

"என்ன விஷயம்?" என்று கேட்டார்.

"சொல்ல ஆரம்பிச்சா நேரமாகும்."

"ஆகட்டும்" என்று அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.