விளக்கு வைத்த பிறகு அவிழ்த்த சோறு

இதை எழுதத் துணிந்தமைக்கு வாசிப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். எழுத்தில் இது முதல் முயற்சி. மருத்துவமோ அறவே தெரியாது. நல்லவர்கள் கூடி, நல்ல நாளில், நல்ல மனத்தோடு செய்த ஒரு காரியம் எந்த இடத்தில் பிசகியது என்று இன்றுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆகவே தெரிந்த அளவில் சொல்லிப் பார்க்கலாம் என்ற எண்ணம்தான். சொல்வதில் குறை இருந்தால் அது சொல்பவரைச் சேர்ந்ததே அன்றி, கதையில் வருகிறவர்களைச் சேர்ந்தது அன்று.

மலைக்கோட்டைக்குக் கீழே, பெரிய கடைவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடி வீட்டில் விஜயராணியும் அவருடைய கணவர் அழகிரியும் குடியிருந்தார்கள். ஒரே மகள் கலைமதியை ஸ்ரீரங்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மருமகன் அரவிந்தன் அதிர்ந்து பேசாத பிள்ளை. அவனுடைய தாயார் பவுனம்மாள், மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை நடத்தும் குடும்பத்தில் பிறந்தவர். கணவரை இழந்த பிறகு, ஆலையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அழகர்சாமியின் சொல்லைத்தான் அவர் எதற்கும் எதிர்பார்ப்பார்.

கலைமதி உண்டானதிலிருந்து விஜயராணிக்கு ஒரே நினைப்புதான். தலைப்பிரசவத்துக்கு மகள் தம் வீட்டுக்கு வர வேண்டும். அதற்காகவே உள்ளறையில் புது மின்விசிறி மாட்டியாயிற்று. கொசுவலை தைத்தாயிற்று. பிள்ளைத்தாய்ச்சி குனிந்து உட்காரக் கஷ்டப்படுவாளே என்று குளியலறையை இடித்து வெஸ்டர்ன் டாய்லெட்டும் வைத்தாயிற்று. தூசியில் இருமிக்கொண்டே அழகிரி, "பேரப்பிள்ளை வர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன் போலிருக்கு" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வளைகாப்பன்று பெண்ணைப் பெற்றவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோய், வளையல் அடுக்கி, மகளை அழைத்து வருவது அவர்கள் வழக்கம். அதற்கு முன்பே பவுனம்மாள் போனில் பேசினார்.

"புளிச்சோறு போதுங்க சம்பந்தி. எங்க வீட்டுல எப்பவும் அது ஒண்ணுதான்."

"இருக்கட்டும் சம்பந்திம்மா. ஒரே பொண்ணு. வெறும் புளிச்சோத்தைத் தூக்கிட்டு வந்து நின்னா எனக்கே ஒரு மாதிரி இருக்கும்."

"உங்க பிரியம்."

பிரியம் என்ற அந்தச் சொல்லுக்கு விஜயராணி முழு மரியாதை செய்தார். விடியுமுன் எழுந்து புளிச்சோறும் கிளறினார். எலுமிச்சைச் சோறும் கிளறினார். எல்லாவற்றுக்கும் மேலாக, முந்திரியை நெய்யில் வறுத்துப் போட்டுத் தேங்காய்ப்பால் சோறு ஆக்கினார். மணக்க மணக்க, ஆறிப்போகக் கூடாதே என்று சுடச்சுட ஹாட்பாக்குகளில் அழுத்தி நிரப்பி இறுக மூடினார். வாடகை வண்டி காவிரிப் பாலத்தைக் கடக்கும்வரை அவற்றை மடியில் பிடித்துக்கொண்டே வந்தார்.

வளைகாப்பு குறைவின்றி நடந்தது. முழங்கைவரை ஏறிய வளையல்களோடு கலைமதி சிரித்ததைப் பார்த்து விஜயராணிக்குக் கண் நிறைந்தது. வந்தவர்கள் எல்லாரும் காலையிலேயே சாப்பிட்டார்கள். தேங்காய்ப்பால் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்காதவர்கள் குறைவு.

பந்தி முடிந்ததும் பவுனம்மாள் தம் வீட்டு வழக்கத்தைத் தொடங்கினார். வர முடியாதவர்களுக்கென்று எல்லாச் சோற்றிலும் ஒரு பங்கு உண்டு. அதைத் தூக்குவாளிகளில் நிரப்பி, மஞ்சள் துணியில் மூட்டை கட்டி, சாமி அறையில் குத்துவிளக்கின் முன்னால் வைக்க வேண்டும். மாலையில் விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகுதான் எடுத்துக் கொடுத்தனுப்ப வேண்டும். இடுப்பு வலியால் வராத அழகர்சாமிக்கு ஒரு மூட்டை. பவுனம்மாளின் தங்கை வீட்டுக்கு ஒன்று. விஜயராணியின் கீழ்வீட்டில் இருக்கும் ஷரபுன்னிசாவுக்கும் ஒன்று. கலைமதியைச் சிறு வயதிலிருந்து தூக்கி வளர்த்தவர் அவர், அன்று வீட்டுக்கு உறவினர் வந்துவிட்டதால் வர இயலவில்லை.

சாமி அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே பங்குனி வெயில் கொளுத்தியது. விஜயராணி தயங்கினார்.

"இப்பவே குடுத்து அனுப்பிடலாமா சம்பந்திம்மா?"

"விளக்கு வெச்சப்புறந்தாங்க. வராதவங்களுக்கு வெளிச்சத்தோட போகணும்னு எங்க மாமியார் சொல்லுவாங்க."

சம்பந்தி வீட்டு வழக்கத்தில் மறுவார்த்தை பேசுவது முறையா? மாலையில் விளக்கேற்றிக் கும்பிட்டதும் மூட்டைகள் கிளம்பின; ஷரபுன்னிசாவுக்கு உரியதை விஜயராணியே எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை என்பதால் வீட்டுப் பெண்ணை அன்று வெளியே அனுப்ப மாட்டார்கள். மறுநாள் காலை அழகிரி வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. கலைமதியின் பை கட்டிலருகே தயாராக இருந்தது. "அப்பாவை லேட் பண்ணாம வரச் சொல்லும்மா" என்று அவள் அம்மாவின் காதில் சொன்னாள்.

மறுநாள் காலையில் அப்பா கிளம்புமுன் அரவிந்தனின் போன் வந்தது.

"அத்தை, மண்ணச்சநல்லூர் மாமாவுக்கு ராத்திரியிலேர்ந்து வாந்தி. நிக்கவே இல்ல. ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏத்துறாங்க. சித்தி வீட்டுலயும் எல்லாருக்கும் முடியலையாம். நீங்க... நல்லா இருக்கீங்கல்ல?"

விஜயராணி நன்றாகத்தான் இருந்தார். அழகிரி நன்றாகத்தான் இருந்தார். கலைமதி, பவுனம்மாள், பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேரும் நன்றாகவே இருந்தார்கள்.

"வந்து சாப்பிட்டவனுக்கு ஒண்ணுமில்ல, வராதவனுக்கு வாந்தியா?" என்றார் அழகிரி. "வராததுக்கு அபராதம் போட்ட மாதிரியில்ல இருக்கு!"

விஜயராணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே சோறு. ஒரே கை. ஒரே தண்ணீர். பிறகு எப்படி? தேங்காய் கெட்டிருந்தால் எல்லாருக்கும் அல்லவா வந்திருக்க வேண்டும்? தூக்கில் ஏதாவது இருந்ததா? தூக்குகள் பவுனம்மாள் வீட்டுடையவை. அதை எப்படிக் கேட்பது? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியதே தவிர, ஒன்றும் பிடிபடவில்லை.

ஆஸ்பத்திரியில் அழகர்சாமி வாடிய கீரைபோலக் கிடந்தார். விஜயராணியைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார்.

"படுங்கண்ணே. என்னாலதான் உங்களுக்கு..."

"அட, சோறு நல்லாத்தான் இருந்துச்சும்மா. வழிச்சுத் தின்னேன். கொஞ்சமா தின்னிருந்தா கொஞ்சமா வாந்தி எடுத்திருப்பேன். பேராசை!"

பக்கத்தில் நின்ற பவுனம்மாள் சிரிக்கவில்லை. அப்போது வந்த டாக்டரம்மா, சோறு எப்போது ஆக்கியது, எப்போது சாப்பிட்டது என்று விசாரித்தார். கேட்டுவிட்டு, "சூடா இறுக மூடி, புழுக்கமான ரூம்ல சாயங்காலம் வரைக்கும் வெச்சிருக்கீங்க. அதுல கிருமி பெருகிடும். சுட வெச்சாலும் அந்த விஷம் போகாது. வாசனையும் காட்டிக் கொடுக்காது. காலையில சாப்பிட்டவங்க தப்பிச்சிட்டாங்க" என்றார்.

டாக்டர் நகர்ந்ததும் பவுனம்மாள் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எங்க வீட்டுல எத்தனையோ வளைகாப்பு நடந்திருக்கு. எல்லாத்துக்கும் விளக்கு முன்னாடிதான் வெச்சோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

அதுவும் உண்மைதான் என்று விஜயராணிக்குப் பட்டது. டாக்டர் சொன்னதும் உண்மையாகப் பட்டது. இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும்?

"கலை இங்கேயே இருக்கட்டும் சம்பந்தி," என்றார் பவுனம்மாள். "உங்க மனசைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அடுப்படியில என்ன கோளாறோ, தண்ணியில என்ன கோளாறோ. வயித்துல பிள்ளையோட இருக்கிறவ."

முழுகுகிறவர் கைக்கு அகப்பட்டதைப் பிடிப்பதுபோல் விஜயராணி ஒன்றைப் பிடித்தார்.

"கீழ்வீட்டு அக்காவுக்கும் அதே சோறுதானே போச்சு? அவங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆகலையே! காலையிலதான் படிக்கட்டுல பார்த்தேன். அருமையா இருந்துச்சுன்னாங்க."

உண்மை. ஷரபுன்னிசா அப்படித்தான் சொன்னார். "மாஷா அல்லாஹ், கைமணம்னா அதுதான் ராணிம்மா" என்றார். தூக்கை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று சர்க்கரை நிரப்பியும் கொடுத்திருந்தார்.

பவுனம்மாள் யோசித்தார். அவர் நியாயம் தெரிந்தவர். "அப்படீன்னா கோளாறு சோத்துல இல்லைன்னு ஆகுது. நானே வந்து அவங்களைக் கேக்குறேன். ஒண்ணும் இல்லைன்னா, அன்னிக்கே நானே கலையைக் கொண்டாந்து விட்டுடுறேன். போதுங்களா?"

போதாதா? விஜயராணி வீட்டுக்கு வந்து உள்ளறைக் கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்தார்.

சொன்னபடி பவுனம்மாள் வந்தார். கீழ்வீட்டில் ஷரபுன்னிசா ஓடிவந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. கலை எப்படி இருக்கு? என் கண்ணுக்குள்ளயே நிக்குது."

"நல்லா இருக்கா. ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். வளைகாப்புச் சோறு சாப்பிட்டீங்களே, அதுக்கப்புறம் உங்க வீட்டுல யாருக்காச்சும் வயித்துக்கு ஏதாச்சும்..."

ஷரபுன்னிசா ஒரு கணம் விஜயராணியின் முகத்தைப் பார்த்தார். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"ஒண்ணும் இல்லைங்களே. நான், மக, அவ அத்தா, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம், அல்லாஹ் புண்ணியத்துல. சோறு அமிர்தமால்ல இருந்துச்சு!"

பவுனம்மாளின் முகம் தளர்ந்தது. விஜயராணியின் உடம்பில் உயிர் வந்தது. 'இன்றைக்கே வருவாளா? பால் வாங்கி வைக்க வேண்டும்' என்று மனம் முன்னால் ஓடியது.

அந்த நேரம் பார்த்து, கல்லூரியில் படிக்கும் மகள் சம்ரீன் சர்பத் தட்டோடு வந்தாள். கண்கள் குழி விழுந்திருந்தன. தட்டை நீட்டிய புறங்கையில் வெள்ளைப் பிளாஸ்திரி. அதைச் சுற்றி நீலமாகக் கன்றியிருந்தது.

இங்கே விஜயராணி பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் குழந்தையிலிருந்து பார்த்த பெண்ணின் கை அது. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"கையில என்னடா கண்ணு?"

சம்ரீன் அம்மாவைப் பார்த்தாள்.

"வெயில்ல அலைஞ்சா..." என்று ஷரபுன்னிசா தொடங்கினார்.

"டிரிப்ஸ் போட்டது ஆன்ட்டி," என்று சம்ரீன் மெல்லச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்கும் அத்தாவுக்கும் ரொம்ப முடியாம போச்சு. சனிக்கிழமை எக்ஸாம். போக முடியல. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க."

சர்பத்தை யாரும் எடுக்கவில்லை. ஷரபுன்னிசா அழுதுவிட்டார்.

"ஆசையா கொண்டாந்து குடுத்த சோறு ராணிம்மா. அதைப் போய்க் குத்தம் சொல்ல எனக்கு நாக்கு வரல."

"நீங்க அழாதீங்கம்மா," என்று எழுந்தார் பவுனம்மாள். விஜயராணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் சண்டைக்கு வரலைங்க சம்பந்தி. எனக்குப் பயமா இருக்கு. அவ்வளவுதான்."

அவரை வழியனுப்பச் சத்திரம் பேருந்து நிலையம்வரை விஜயராணி கூடவே நடந்தார். புளி மண்டியைக் கடக்கும்போது அந்த வாசனை முகத்தில் அறைந்தது. சட்டென்று கால் நின்றது. அந்த வீட்டில் இத்தனை காலமும் விளக்கு முன்னால் இருந்தது புளிச்சோறு. நல்லெண்ணெயும் புளியும் சேர்ந்தால் இரண்டு நாள்கூடத் தாங்கும். வழக்கம் புளிச்சோற்றுக்கு ஏற்பட்டது. அதில் தேங்காய்ப்பாலைக் கொண்டுபோய் வைத்தது தாம். மாலைவரை வைக்கச் சொன்னவர் அவர். அப்படியானால் தவறு யாருடையது? இருவருடையதுமா? இருவருடையதும் இல்லையா? இதைத்தான் டாக்டர் சொன்னாரா?

"சம்பந்திம்மா... அந்தப் புளிச்சோறு..."

"என்னங்க?"

சொன்னால் அவர்கள் மாமியாரின் வழக்கத்தைக் குறை சொன்னதாக ஆகும். சொல்லாவிட்டால்?

"ஒண்ணுமில்லங்க. பார்த்துப் போங்க."

ஸ்ரீரங்கம் பஸ் நகர்ந்துவிட்டது.

அன்று மாலையே கலைமதி போன் செய்தாள். "அம்மா, நான் வரேம்மா. அவரு கொண்டாந்து விடுறேங்கிறாரு. அத்தைகிட்ட அவரே பேசிக்கிறாராம். நீ சரின்னு மட்டும் சொல்லு."

சரி என்று சொல்லத்தானே இத்தனை மாதம் காத்திருந்தது? விஜயராணி அடுப்பைப் பார்த்தார். மதியம் வடித்த சோறு மூடியிருந்தது. திறந்து முகர்ந்தார். நல்ல வாசனைதான். அன்றைக்கும் நல்ல வாசனைதான் இருந்தது. இந்தக் கையால் இனி அவளுக்கு எதைத் தைரியமாகப் போடுவது?

"வேண்டாம்மா," என்றார். "அங்கேயே இரு. உங்க அத்தை நல்லா பார்த்துக்குவாங்க."

"அம்மா, நீயா சொல்றே?"

விஜயராணி போனை வைத்தார். பானையிலிருந்த சோற்றைக் குப்பையில் கொட்டினார்.

குழந்தை ஸ்ரீரங்கத்தில் பிறந்தது. பெண். பாட்டியும் தாத்தாவும் கடையில் வாங்கிய ரஸ்க் பொட்டலத்தை, மேலே அச்சடித்த தேதியைப் பார்த்துவிட்டு, பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மாலையில் திரும்பினார்கள்.

இழந்தவை இவை. அழகர்சாமி ஒரு வாரம் ஆலைக்குப் போகவில்லை. உடம்பு பிறகு தேறியது. சம்ரீனுக்கு ஒரு தேர்வு போயிற்று. ஷரபுன்னிசா வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் இடையே தூக்குப் போய்வருவது நின்றது. பவுனம்மாள் வீட்டில் விளக்கு முன்னால் சோறு வைப்பதில்லை. விஜயராணி தேங்காய்ப்பால் சோறு ஆக்குவதில்லை. உள்ளறைக் கட்டிலில் யாரும் படுக்கவில்லை. உயிர் ஒன்றும் போகவில்லை.