இமெல்டா இரவல் வாங்கிய கமரா

"கொஞ்சம் தள்ளி நில்லும் இமெல்டா. உம்மட நிழல் விழுகுது."

"நான் பின்னால நிக்கிறன் அக்கா. வெயில் முன்னால. நிழல் எப்பிடி விழும்?"

சுந்தரேஸ்வரி கமராவைச் சற்றுத் திருப்பினாள். ஜேர்மனியின் வின்ரபேர்க் ஊருக்கு எதிரே மலைச்சரிவில் இலையுதிர்கால மரங்கள் மஞ்சளும் செம்புமாக நின்றன. கமராத் திரையில் அதே மலை, பால் ஊற்றியதுபோல் வெளுத்துக் கிடந்தது. முக்காலியில் வைத்து எடுத்துப் பார்த்தாள். லென்ஸுக்கு மேலே கையை விரித்து வெயிலை மறைத்தும் பார்த்தாள். பனிமூட்டம் என்று சொல்லவும் வழியில்லை, வானம் அவ்வளவு தெளிவு.

போன வருசம் இதே இடத்தில் எடுத்த படத்தில் மரங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. அதற்குப் பிறகு கமரா ஒரே ஒருத்தியிடம்தான் போய்வந்தது. செப்டெம்பரில், மாதா திருவிழாவுக்கென்று இமெல்டா வாங்கிப்போனாள். ஹம் நகரில் இருவரும் ஒரே கட்டடத்தில் இருந்து, பிள்ளைகளை மாறி மாறிப் பார்த்து வளர்த்தவர்கள். அவளை இனி நம்பலாமா என்று அறியத்தான் சுந்தரேஸ்வரி இன்று கூட்டிவந்திருந்தாள்.

"திருவிழாவில ஆரிட்டையும் குடுத்தனீரோ?"

"எதை?"

"கமராவை."

"இல்லையே. கழுத்தில போட்டது போட்டபடி."

"உம்மட மகன் லக்ஸன்ட கையில?"

"அவன் ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன் அக்கா. ஐஸ்கிறீம் கையோட பிடிச்சிருப்பான் எண்டு யோசிக்கிறியளோ?"

"சும்மா கேட்டன். சிலபேர் விழுத்திப்போட்டு, துடைச்சுக் குடுக்கிறவை."

பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்த இமெல்டாவின் கை நின்றது.

"இதுக்குத்தான் ரெயினில வாய் திறக்காமல் வந்தனீங்களோ? நான் விசரி, மலை பாக்கப் போறம் எண்டு விடிய எழும்பி ரோல்ஸ் பொரிச்சனான். தாங்கோ அதை இங்க."

கமராவை வாங்கி வெயிலுக்கு நேரே சரித்தாள். கண்ணாடி முழுக்க மெல்லிய எண்ணெய்ப் படலம். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"மணத்திப் பாருங்கோ."

"சாம்பிராணி! பாத்தீரோ? உங்கட கோயில் புகை."

"உங்கட கோயிலில சாம்பிராணி போடுறேல்லையோ? நான் எடுத்த படம் எல்லாம் பாத்தனீங்கள்தானே. எப்பிடி இருந்தது?"

"நல்லாத்தான் இருந்தது."

"கடைசிப் படம்?"

"...அதுவும்."

லென்ஸின் வளையத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. இமெல்டா அதை நகத்தால் சுரண்டிக் காட்டினாள்.

"சந்தனம். நாங்கள் கமராவுக்குப் பொட்டு வைக்கிறேல்லை அக்கா."

கமரா திரும்பி வந்தபின் வைத்த நவராத்திரிக் கும்பம் சுந்தரேஸ்வரிக்கு நினைவுக்கு வந்தது. அதற்கு முன்னால், பேரப்பிள்ளைகளின் புத்தகங்களோடு கமராவும் இருந்தது.

"மூடியைக் கழட்டியோ வைச்சனீங்கள்?"

"கண்ணைக் கட்டிக்கொண்டோ சரஸ்வதிக்கு முன்னால இருக்கிறது?"

"எல்லா நாளும்?"

"ஓம்."

வேறொரு நாள் என்றால் இமெல்டா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"என்னத்தை?"

"நான் பழுதாக்கிப்போட்டன் எண்டு."

"ஒருத்தருக்கும் இல்லை."

"அக்கா."

"எங்கட சாரங்காவுக்கு மட்டும். நேற்று."

"சாரங்காவுக்கோ! அப்ப ஊரெல்லாம், கெல்சென்கிர்ச்சன் வரைக்கும் போயிருக்கும். இனி ஆர் என்ர கையில ஒரு சாமானை நம்பித் தருவினம்? எடுங்கோ போனை. நானும் கேக்கக்கூடியமாதிரிப் போடுங்கோ."

"வெயில் இறங்குது இமெல்டா. துடைச்சுப்போட்டு ஒரேயொரு படம்..."

"மலை ஓடாது. சாரங்கான்ட வாய் ஓடும்."

சுந்தரேஸ்வரி எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே சாரங்காவின் குரல் வந்தது.

"என்னக்கா, ஒத்துக்கொண்டாவோ?"

இமெல்டா மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ ஒண்டும் செய்யேல்லை, சாரங்கா. நான்தான் சாமிக்கு முன்னால திறந்து வைச்சுப் புகை பிடிக்க விட்டனான். நீர் ஆருக்குச் சொன்னனீரோ அவைக்கு இதையும் சொல்லும்."

அந்தப் பக்கம் சாரங்கா குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா... அவ பக்கத்தில நிக்கிறாவோ?"

"ஓம்."

"ஆ. விளங்குது, விளங்குது. வீட்டை போய் எடுங்கோ, ஆறுதலாக் கதைப்பம்."

"சாரங்கா, நான் உண்மையாத்தான்..."

தொடர்பு அறுந்துவிட்டது.

"அவ நம்பேல்லைப் போல கிடக்கு," என்றாள் சுந்தரேஸ்வரி.

"நேற்றுச் சொன்னதை நம்பினவாதானே."

சரிவின் பாதியில் நிழல் ஏறிவிட்டது. சுந்தரேஸ்வரி கமராவைத் தொடவில்லை. திரும்ப அழைத்தாள். இன்னொரு தரமும் அழைத்தாள். இரண்டு தரமும் அந்த எண் வேறு அழைப்பில் இருந்தது.

"ஆரோடையோ கதைக்கிறா," என்றாள் இமெல்டா.