இடது மூலை

காரின் முன் பம்பர் உடைந்தால் மூன்று வழிகள் உண்டு என்று பட்டறைக்காரர் எனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். விரிசலை பிளாஸ்டிக் வெல்டிங் செய்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிக்கலாம். வேறொரு வண்டியில் கழற்றிய பழைய பம்பரைத் தேடி மாட்டலாம். இல்லையென்றால் புதுசு. மூன்றுக்கும் நான் தலா ஒரு முறை சரி சொல்லி, மறுநாளே போன் போட்டு வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன்.

சமையலறை அலமாரிகளுக்கு அளவெடுப்பது என் தொழில். கதவுக்கு எந்த நிறம் என்று முடிவெடுக்க முடியாமல், மாதிரித் துண்டுகளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கத்துவேன். இப்போது நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஆனால் எனக்கு முடிவெடுக்கத் தெரியாமல் இல்லை, பயம். பம்பர் மாட்டிய மறுநாள் காலையில் மாமா சாவியை எடுத்துக்கொண்டு, எங்கள் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விடக் கிளம்பிவிடுவார்.

மாமா என்றால் என் மனைவியின் அப்பா. வேலையில் இருந்தவரை பெட்ரோல் டேங்கர் ஓட்டியவர். ஒரு கீறல் விழாமல் ஓட்டி முடித்தேன் என்று யார் வந்தாலும் சொல்வார். உண்மைதான். ஆனால் போன வருடத்திலிருந்து எங்கள் வண்டியின் இடது மூலை மட்டும் அடி வாங்கிக்கொண்டே இருந்தது. முதலில் கேட்டில் உரசல், அப்புறம் எதிர்வீட்டுப் பூந்தொட்டி. கடைசியாகப் பள்ளிக்கூட வாசல் தூண். "தூணை வெளிய தள்ளிக் கட்டியிருக்காங்க மாப்பிள்ளை" என்றார். நான் போய்ப் பார்த்தேன். தூண் எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது.

வீட்டிலும் அதே கதைதான். அவருக்கு இடது பக்கமாகத் தண்ணீர் டம்ளரை வைத்தால் முழங்கை பட்டுக் கவிழ்ந்துவிடும். அந்தப் பக்கமாக நின்று கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புவார். கண் டாக்டரிடம் போகலாமா என்று ஒரு முறை மெல்ல ஆரம்பித்தேன். "போய்ட்டு வந்தாச்சு, கண்ணு ஜோரா இருக்குன்னுட்டார்" என்று பேச்சை வெட்டிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார். அதற்கு மேல் ஒரு மருமகன் என்ன பேசுவது?

"நீதான் சொல்லணும், உன் அப்பா" என்றேன் மனைவியிடம், பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு அடியில்.

"நான் சொன்னா அவர் அழுவாருங்க. என்னால அதைப் பாக்க முடியாது. நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னா, வந்த மாப்பிள்ளை சாவியைப் புடுங்கிட்டான்னு ஆகும்."

"அப்ப பம்பர் வரவேண்டாம்."

"அதுக்குத்தானே நாயா அலையறேன்!"

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போல. ஹாலில் மாமா இருமினார். இரண்டு பேரும் குழாயை இன்னும் திறந்துவிட்டோம்.

சாப்பிடும்போது மாமாவே கேட்டார். "பம்பர் என்ன ஆச்சு மாப்பிள்ளை?"

"ஸ்டாக் இல்லையாம் மாமா."

"அப்படியா. சரி சரி, அவசரமே இல்ல. ஆற அமரப் பாக்கச் சொல்லுங்க."

இத்தனை நிதானமாகச் சொல்கிறாரே, பம்பர் எப்போது வந்தாலும் ஓட்டிவிடலாம் என்ற தெம்பில் இருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? பாப்பா பின் சீட்டில் எப்போதும் இடது ஜன்னல் ஓரமாகத்தான் உட்காருவாள்.

மறுநாள் ஒரு புது வீட்டுச் சமையலறையில் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது பட்டறைக்காரர் போன் செய்தார். "சார், இன்னைக்கு நேர்ல வந்து ஒரு முடிவு சொல்லணும். இல்லன்னா பம்பர் இல்லாமலே வண்டியை எடுத்துட்டுப் போயிடுங்க. எனக்கு இடம் வேணும்."

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரே சுவரை இரண்டு முறை அளந்து, இரண்டு விதமாக எழுதினேன். வீட்டுக்கார அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நாளைக்கு வருகிறேன் என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். மாமா, தப்பா நினைக்காதீங்க. மாமா, உங்க நல்லதுக்குத்தான். எப்படி ஆரம்பித்தாலும் நடுவில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

பட்டறையில் பெயிண்ட் தின்னர் வாசனை மூக்கைத் துளைத்தது. எங்கள் வண்டி முன்பல் விழுந்த பாப்பா மாதிரி இளித்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஒரு பழைய டயர் மேல் மாமா உட்கார்ந்திருந்தார்.

"மாமா! நீங்க எங்க இங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டார். நல்ல மனுஷன், ஆனால் அன்று அவர் பொறுமை எல்லையைத் தாண்டியிருந்தது.

"நான்தான் ரெண்டு பேரையும் வரச் சொன்னேன். சார், நீங்க வெல்டிங்னு சொல்றீங்க, அப்புறம் வேணாம்ங்கறீங்க. இவர் வந்து புதுசு போடுங்கறார். ஆர்டர் போடப் போனா, போன் பண்ணி நிறுத்துங்கறார். 'மாமா கேட்டா ஸ்டாக் இல்லன்னு சொல்லுங்க'ன்னு நீங்க சொன்னீங்க. 'மாப்பிள்ளை கேட்டா ஸ்டாக் இல்லன்னு சொல்லுங்க'ன்னு இவர் சொல்றார். மாமனாரும் மருமகனுமா சேர்ந்து என்னை வச்சு விளையாடறீங்களா?"

எனக்கு முகம் காந்தியது. மாமாவைப் பார்க்கத் துணிவில்லாமல், சுவரில் சாய்த்து வைத்திருந்த எங்கள் உடைந்த பம்பரைப் பார்த்தேன். இடது மூலையிலிருந்து நடு வரைக்கும் விரிசல் ஓடியிருந்தது.

"பேசி முடிங்க" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்காரர் உள்ளே போனார்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. மாமாதான் பேசினார்.

"உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் மாமா."

"இடது பக்கம் ஒரு திரை போட்ட மாதிரி இருக்கு. டாக்டர் அப்பவே ஓட்டாதீங்கன்னு சொல்லிட்டார். நான்தான் வீட்டுல மாத்திச் சொன்னேன்." கர்சீப்பை எடுத்தார், முகத்தைத் துடைக்காமல் கையிலேயே கசக்கினார். "டேங்கர் ஓட்டினவன்னு பீத்திட்டிருந்த வாயால, இனிமே என்னால ஓட்ட முடியாதுன்னு எப்படிச் சொல்றது? பம்பர் வராம இருந்தா கேள்வியே வராதுன்னு நினைச்சேன்."

"நானும் அதேதான் மாமா நினைச்சேன்."

மாமா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"அந்தத் தூண் விஷயம் உங்களுக்கு முழுசா தெரியாது மாப்பிள்ளை. பாப்பா இறங்கிட்டா. உள்ள போயிட்டான்னு நினைச்சு வண்டியை நகத்தினேன். இடிச்ச சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினா, தூணுக்கு அந்தாண்ட குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிட்டிருக்கா. நடுவுல அந்தத் தூண் மட்டும்தான். அவ நிமிர்ந்து டாட்டா காட்டிட்டு ஓடிட்டா. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது."

அப்படியே அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோபம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். அவர் மேல் வந்தது. ஒரு மரியாதைக்குப் பயந்து ஊமையாக இருந்த என் மேல் அதைவிட அதிகமாக வந்தது. அந்தத் தூணைக் கட்டிய கொத்தனார் எதிரே வந்தால் காலில் விழுந்திருப்பேன்.

பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், வெல்டிங்கா, புதுசா?"

"பேசாம வெல்டிங் பண்ணிடலாமே மாமா, வண்டி பழசுதானே" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"வேண்டாம். புதுசே போடுங்க" என்றார் மாமா. "ஒட்டுப்போட்டது நின்னா, நாலு நாள் கழிச்சு எனக்கே கை அரிக்கும். அடிபட்டதுதானே, நம்ம மூலைக்கடை வரைக்கும் போனா என்னன்னு தோணும். புதுசுன்னா தொட மனசு வராது." பட்டறைக்காரர் பக்கம் திரும்பினார். "இந்தத் தடவை போன் பண்ணி நிறுத்த மாட்டேன். நிறுத்தினா மாப்பிள்ளைகிட்ட சொல்லிடுங்க."

"வர்ற வரைக்கும் வண்டியை எடுத்துட்டுப் போயிடுங்க சாமி" என்றார் அவர், கையெடுத்துக் கும்பிடாத குறையாக.

மாமா பாக்கெட்டிலிருந்து இன்னொரு சாவியை எடுத்தார். வீட்டில் இரண்டாவது சாவி தொலைந்துபோனதாகத்தான் இத்தனை நாளும் பேச்சு. என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மூடினார். பிறகு வண்டியைத் தொட்டபடியே சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். பெல்ட் எங்கே இருக்கிறது என்று தடுமாறினார், அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தே பழக்கமில்லை.

பட்டறை வாசலில் இடது பக்கம் ஒரு லாரி நிறுத்தியிருந்தார்கள். எனக்கு ரோடே தெரியவில்லை. பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் கேட்கிற பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"அந்தப் பக்கம் வண்டி வருதான்னு பாருங்க மாமா."

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் மாமா ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். கழுத்தை மட்டும் திருப்பினால் போதாது என்று, பெல்ட் இழுக்க இழுக்க உடம்பையே முழுதாகத் திருப்பி, வெளியே தலையை நீட்டி வெகுநேரம் பார்த்தார்.

"இருங்க, ஒரு ஸ்கூட்டர் வருது" என்றார். அது போய் முடிந்த பிறகும் இன்னொரு முறை பார்த்தார். "இப்ப போலாம்."

நான் வண்டியை எடுத்தேன்.