பெட்டியின் கணக்கில் எனக்கு வயது பதினொன்று

1

ஒளிப்பானேன், இந்தக் கதை என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. கூடத்து அலமாரியில் பேசும் பெட்டி ஒன்றை வாங்கி வைத்தோம். சொன்னால் விளக்கைப் போடும், கதவைப் பூட்டும், நான் சொல்லச் சொல்லக் கதையை எழுதிக்கொள்ளும். முதல் நாள் பெயர், பிறந்த தேதி என்று அது துருவித் துருவிக் கேட்டபோது என் கண்ணாடியைக் காணோம். மகளிடம் போனை நீட்டி, "நீயே போட்டுவிடுடி" என்றேன்.

[இதைவிடப் பிரமாதமான தொடக்கம் ஒன்று வைத்திருந்தேன்: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த மாலையில், அவள்..." மழையே பெய்யவில்லை. விட்டுவிட்டேன்.]

2

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளுக்குப் பதினொன்று, எனக்கு நாற்பத்து மூன்று. பதிமூன்று வயதுக்குக் கீழே என்றால் எதற்கெடுத்தாலும் பெற்றோர் அனுமதி வேண்டும் என்று அதில் போட்டிருந்ததாம். அவளுக்கு வீட்டில் 'வக்கீல்' என்று பட்டப்பெயர், சும்மா வைக்கவில்லை. இரண்டு வயதையும் கமுக்கமாக இடம் மாற்றிப் போட்டுவிட்டாள்.

இரண்டு மாதம் எனக்குத் தெரியாது; பெட்டி கேட்ட அனுமதியையெல்லாம் என் பழைய போனில் அவளே சத்தமில்லாமல் கொடுத்திருக்கிறாள். நான் துப்பறியும் கதை எழுதுகிறவள். மணிக்கட்டில் கட்டுப் போட்டதிலிருந்து வாயால்தான் எழுத்து. "விஷம் குடிச்சவன் எவ்வளவு நேரத்துல விழுவான்?" என்று கேட்டால், "அணில் பாட்டு கேட்கலாமா?" என்னும் பெட்டி. கொலைகாரன் கதவைத் திறக்கும் நேரம் பார்த்து, "இன்றைய உங்கள் நேரம் முடிந்தது. வெளியே போய் விளையாடுங்கள்" என்னும். நானும் அப்பாவியாக மொட்டை மாடியில் நாலு சுற்று நடந்துவிட்டு வந்திருக்கிறேன்.

[பெட்டியின் குரல் எப்படியென்றால், தேனில்... வேண்டாம். குரல் குரல் மாதிரி இருக்கும்.]

3

ஒரு நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியில் என் கணக்கைத் திறந்தேன்; வயது பதினொன்று. உடனே கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"பெரியவங்க யாராவது இருந்தா குடும்மா."

"நான்தாங்க பெரியவ!"

"இங்க பதினொண்ணுன்னு இருக்கே பாப்பா. வயசை மாத்தணும்னா அம்மாதான் சொல்லணும்."

"அம்மா ஸ்கூலுக்குப் போயிருக்காங்க" என்றேன், வேறு வழியில்லாமல்.

"டீச்சரா?"

"ஆறாவது படிக்கறாங்க."

போனை வைத்துவிட்டார்.

[கூட்டி எழுதிவிட்டேன் என்று நினைப்பீர்கள். சத்தியமாகக் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.]

இதையே கதையாக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இதுவரை ஒரே சிரிப்பாகப் போகிறதே, கொஞ்சம் உருக்கம் வேண்டாமா என்று தோன்றியது. எழுத்தாளர் புத்தி! போன வாரம் மகள் என் மடியில் படுத்து, பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்லி அழுதாள். யாரிடமும் சொல்லாதே என்றுகூடச் சொல்லவில்லை; சொல்ல மாட்டேன் என்று அவ்வளவு நம்பிக்கை. அதை அப்படியே எடுத்து நான்காம் பகுதியாக வைத்தேன்.

4

[                                        ]

5

[இந்தப் பகுதியும் அடுத்ததும் பிறகு சேர்த்தவை.]

பத்திரிகை ஆசிரியர் சனிக்கிழமை மூன்று மணி வரை கெடு கொடுத்திருந்தார். தவறினால் என் பக்கத்தில் மெத்தை விளம்பரம் வந்துவிடும். இரண்டே முக்காலுக்கு, "ஆசிரியருக்கு அனுப்பு" என்றேன்.

"பெற்றோரின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறேன்" என்றது பெட்டி.

உள்ளறையில் அவள் வைத்திருக்கும் என் பழைய போன் டிங் என்றது. படிக்கிறாள்: அணில் பாட்டு வரும் இடத்தில் ஒரு சிரிப்புக் கேட்டது. "டீச்சரா?" வரும் இடத்தில் பெரிய சிரிப்பு. அப்புறம் சத்தமே இல்லை. நான்காம் பகுதிக்கு வந்துவிட்டாள்.

போனோடு வந்து நின்றாள்.

"என்னைக் கேட்டியாம்மா?"

"கதைதானே குட்டி... பேருகூடப் போடலையே."

"எங்க கிளாஸ்ல யாராவது படிச்சா நான்தான்னு தெரியும். ஒரு லைட்டு போடவே நீ என்னைக் கேக்கணும். இதுக்கு மட்டும் கேக்க மாட்டியா?"

வழக்கு வக்கீல் பக்கம்தான். வெட்கமாக இருந்தது. "தப்புதான்" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். "ஆனா நல்லா எழுதியிருக்க. எனக்கே அழுகை வந்துச்சு. அனுப்பிக்கோ போ. மெத்தையெல்லாம் வேண்டாம்."

அனுமதிப் பொத்தானை அழுத்தினாள். மணி இரண்டு ஐம்பத்தெட்டு. இனி நான் 'அனுப்பு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

6

முடிவு அ: இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். [சீ.]

முடிவு ஆ: வயதைச் சரிசெய்தோம். [எங்கே! "அடுத்த லீவு வரைக்கும் இருக்கட்டும்மா" என்கிறாள்.]

நடந்தது வேறு. "நான்காம் பகுதியை அழி" என்றேன்.

"அழிக்கப் பெற்றோரின் அனுமதி வேண்டும்" என்றது பெட்டி.

அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். சிரித்த சிரிப்பில் அவள் போன் சோபாவுக்கு அடியில் போய்விட்டது. குப்புறப் படுத்துத் துழாவி எடுத்து அவள் அழுத்தியபோது மணி மூன்று ஐந்து. அந்த வாரம் மெத்தைதான் வந்தது. நல்ல மெத்தை.

ஆகவே நான்காம் பகுதியை உங்களிடம் விடுகிறேன். உங்கள் மடியில் படுத்து அழுதவர் யாரோ, அவரை வைத்து நிரப்பிக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு.