வட்டவடைக்கு ஹீட்டர் கிரிப்

அந்தச் சனிக்கிழமை மோகனனின் வொர்க்ஷாப்பில் இருந்தவர்கள் ஐந்து பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட்டால் பிறகு குழப்பம் வராது. கடையில் இருந்த ஒரே நாற்காலியில், மோகனன் அதைத் துணியால் துடைத்து, போதாதென்று மறுபடியும் துடைத்துக் கொடுத்த பிறகு, ஆனந்தபாய் உட்கார்ந்தாள். அவள் கணவர் ரெத்தினதாஸ், மாலையில் காரக்கோணத்தில் ஒரு கரோல் நிகழ்ச்சிக்குக் கொண்டுபோக வேண்டிய தன்னுடைய ஸ்பீக்கர் பெட்டியின் மேலேயே அமர்ந்திருந்தார். மோகனன் ஒரு சின்னப் பலகைக் கட்டையில் தரையோடு தரையாக இருந்தான். மீன்காரர் சுந்தரதாஸ் தன் வண்டியை விட்டு இறங்கவில்லை. பின்னால் ஐஸ் பெட்டி இருக்க, ஒரு காலைத் தரையில் ஊன்றி, இப்போதே போகிறவர் மாதிரி நெடுநேரம் நின்றிருந்தார். ஐந்தாவது ஆள் சோனா. அவள் தன்னுடைய பைக்கின் மேல் இருந்தாள். வண்டியும் அவளுடையது, விஷயமும் அவளுடையது.

விஷயம் இதுதான். ரெத்தினதாஸ், ஆனந்தபாய் தம்பதியின் ஒரே மகளான சோனாவுக்கு, இடுக்கி மலையில் வட்டவடை என்ற ஊரில் கால்நடை ஆய்வாளர் வேலை. விடிவதற்கு முன்பே போன் வரும். "டாக்டரம்மா, மாடு எந்திரிக்கலை." தான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் "வாறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாள். டிசம்பரில் அங்கே விடியற்காலைப் புல்லில் உப்புத் தூவினதுபோல் பனி கிடக்கும். ஒரு மேடு ஏறி இறங்குவதற்குள் அவள் விரல் நுனிகள் சாக்பீஸ்போல வெளுத்து மரத்துவிடும். கையுறை போட்டுப் பார்க்காமல் இல்லை. ஒவ்வொரு தொழுவத்திலும் கழற்ற வேண்டும், மாட்டுவதற்குள் அது ஈரமாகிவிடும், ஈரமானால் போடாததைவிட மோசம்.

நவம்பரில் ஒரு வளைவில் விரல் மடங்காமல் பிரேக் பிடிக்க முடியாமல் போய், வண்டியோடு ஒரு காரட் தோட்டத்துக்குள் இறங்கினாள். சிராய்த்த முழங்காலோடும், எப்படி வந்ததென்று தெரியாமல் கையில் ஒரு காரட்டோடும் எழுந்தாள். அதைச் சிரிப்புக் கதையாக வீட்டுக்குச் சொன்னதுதான் அவள் செய்த தப்பு. ஆனந்தபாய் சிரிக்கவில்லை. ஊர்ப்பக்கம் வர இடமாற்ற விண்ணப்பம் போடவைத்துவிட்டுத்தான் அன்று போனை வைத்தாள்.

விண்ணப்பம் இவ்வளவு சீக்கிரம் நகரும் என்று சோனா நினைக்கவில்லை. வீட்டுக்குக் கிட்டேயே, நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓர் இடம் காலி, கிட்டத்தட்ட முடிந்த மாதிரி என்று தகவல் வந்தது. வேண்டாமென்றால் கையெழுத்திட்ட வாபஸ் கடிதம் திங்கட்கிழமைக்குள் தபாலில் சேர்ந்திருக்க வேண்டும். சோனாவுக்கோ வட்டவடையை விட்டு வர மனமே இல்லை. லில்லி என்று ஒரு மாடு; அதற்குச் சினை ஊசி போட்டவள் அவள்தான். ஜனவரியில் அது கன்று போடும்போது வேறு யாரோ கூட நிற்பார்கள் என்பதை அவளால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதனால் கிறிஸ்துமஸ் லீவுக்கு, வழியில் கோட்டயத்தில் தோழி வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, வண்டியிலேயே ஊருக்கு வந்தாள். வண்டியின் கைப்பிடிக்குச் சூடேற்றும் ஹீட்டர் கிரிப் மாட்டுவது, அம்மாவிடம் அதைக் காட்டுவது, பிறகு கெஞ்சுவது என்பது அவள் திட்டம்.

"எனக்குப் பிடிச்சா மட்டும்தான் வாபஸ்" என்று ஆனந்தபாய் முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

மோகனன் மூன்று பொட்டலங்களைப் பெஞ்சில் வரிசையாக வைத்தான். "இது மேல சுத்துற டைப்பு. துணி மாதிரி. நனைஞ்சா தண்ணியைக் குடிச்சிட்டே இருக்கும், வேண்டாம். இது தடி, அஞ்சு ஸ்டெப் சூடு உண்டு. இது ஒல்லி, மூணு ஸ்டெப்தான்."

"அஞ்சு உள்ளதைப் போடு" என்றார் ரெத்தினதாஸ், பெட்டியிலிருந்து எழாமலே. "வால்யூம் எப்பவும் கூட இருக்கணும். வேண்டாம்னா குறைச்சுக்கலாம்லா."

"தாஸண்ணே, இது பாடாது. சுடத்தான் செய்யும்."

"எல்லாம் ஒரே கரண்டாக்கும்."

சோனா தடியான கிரிப்பைக் கையில் பிடித்துப் பார்த்தாள். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு விரலை கிளட்ச் லீவருக்கு நீட்டினால் நுனிதான் தொட்டது. அவள் கை அம்மாவின் கை, சின்னக் கை. ஒல்லியானதைப் பிடித்து நீட்டினாள். விரல் லீவரைச் சுற்றி வளைந்தது.

"இது மதி, போதும்" என்றாள்.

"மூணு வால்யூம்" என்று ரெத்தினதாஸ் பெருமூச்சு விட்டார்.

மோகனன் பழைய கிரிப்பை பிளேடால் நீளவாக்கில் கீறி, வாழைத்தண்டுப் பட்டைபோல உரித்தெடுத்தான். ஆக்சிலேட்டர் குழாயில் இருந்த மேடுகளை அரத்தால் தேய்த்து, பசை தடவி, ஒரே மூச்சில் புதியதைத் திருகி ஏற்றினான். பசை பிடிப்பதற்குள் நேராக்கிவிட வேண்டும், அப்போது அவனிடம் யாரும் பேசக்கூடாது. சுந்தரதாஸ் பேசினார்.

"எலே மோகனா, இந்தச் சூட்டுல சூடு வைக்க வண்டி கொண்டு வந்த ஆளு இந்தப் பிள்ளை ஒருத்திதான் இருக்கும்."

"ஒம்ம ஐஸ் உருகுது, ஓடும்."

"உருகட்டும். இதைப் பாத்துட்டுத்தான் போவேன்."

வயர் கொடுக்கும் வேலை வந்தபோதுதான் தகராறு. மோகனன் அதைச் சாவியோடு சேர்க்கிறேன் என்றான். ரெத்தினதாஸ் எழுந்தே விட்டார். கன்வென்ஷன் பந்தல்களுக்கும், கோயில் கொடைகளுக்கும், பவனிகளுக்கும் மைக் செட் போட்டு வளர்ந்த மனுஷன். பவனியில் காரின்மேல் கட்டிய ஸ்பீக்கருக்கு அவர் எப்போதும் பாட்டரியிலிருந்து நேராகத்தான் இழுப்பார். நடுவில் எது வந்தாலும் கரண்டைத் தின்றுவிடும் என்பது அவர் கொள்கை.

"டைரக்ட் கொடு மோகனா. எனக்க பிள்ளைக்குக் குறைஞ்ச கரண்ட் வேண்டாம்."

"அண்ணே, சாவி வழியா..."

"உனக்க கோயில்ல ஒரு வருஷமாவது எனக்க செட்டு நின்னுருக்கா? சொல்லு!"

நின்றதில்லை. அதற்குமேல் மோகனனால் வாதாட முடியவில்லை. வயர் நேராகப் பாட்டரிக்குப் போயிற்று. சோனாவும் தடுக்கவில்லை, அப்பா அவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலையில் இறங்கி நாளாகியிருந்தது. கிளட்ச் பக்கம் அடியில், குண்டூசித் தலையளவு சிவப்பு விளக்கோடு ஒரு சுவிட்ச் உட்கார்ந்தது.

"சரி" என்றாள் ஆனந்தபாய். "இப்ப எப்படிப் பாக்கது? இங்க எல்லாமே சூடாத்தானே கிடக்கு."

எல்லோரும் ரோட்டைப் பார்த்தார்கள். தார் மின்னிக்கொண்டிருந்தது. பிறகு எல்லோரும், யார் முதலில் என்று சொல்ல முடியாமல், சுந்தரதாஸின் ஐஸ் பெட்டியைப் பார்த்தார்கள்.

"ஐயோ, உள்ள சாளை மீனாக்கும்" என்றார் சுந்தரதாஸ்.

"கை கழுவிட்டுத்தான் வைப்பேன் மாமா" என்றாள் சோனா.

"கையில நாத்தம் போகாது மக்கா, அதைச் சொன்னேன்."

சாளைக்கும் அயலைக்கும் நடுவே ஐஸுக்குள் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை புதைத்தாள். முதலில் எரிந்தது. பிறகு வலித்தது. பிறகு வட்டவடை வந்துவிட்டது; விரல்கள் யாருடையவோபோல ஆயின. வெளியே எடுத்தபோது நுனிகள் வெளுத்திருந்தன. அதுவரை போனில் மட்டுமே கேட்டிருந்த அந்த நிறத்தை ஆனந்தபாய் அன்றுதான் கண்ணால் பார்த்தாள். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "இப்படியா ஆகுது உனக்கு?"

சோனா வண்டியில் ஏறி கிரிப்பைப் பிடித்தாள். மோகனன் என்ஜினை ஓடவிட்டு சுவிட்சை அமுக்கினான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளங்கையில் மெதுவாக, பால் காய்கிற பாத்திரத்தைத் துணியோடு பிடித்தாற்போல ஒரு கதகதப்பு வந்தது. அது விரல்களுக்குள் ஏறியது. எறும்பு ஊர்ந்தது, குத்தியது, அப்புறம் விரல்கள் அவளுடையவை ஆயின.

ஆனந்தபாய் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள். அவள் பையில் எப்போதும் ஊசி இருக்கும். ஊசியையும் நூலையும் நீட்டினாள். "கோரு."

ஒரே தடவையில் கோர்த்துவிட்டாள் சோனா. சுந்தரதாஸ் கை தட்டினார். ஆனந்தபாய் நூலை இழுத்துப் பார்த்துவிட்டு, "கொள்ளாம்" என்றாள். நல்லாயிருக்கு என்று அர்த்தம்; அவள் வாயில் அது பெரிய சொல். சுவிட்சை அணைத்து எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் ஞாயிறு. காலையில் லேசாகக் காற்று இருந்தது. அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு சபைக்குப் போகும்போது, ஆசைக்கு ஒருமுறை சுவிட்சை அமுக்கினாள். இறங்கியதும், எந்த வண்டியிலும் செய்வதுபோல, சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆராதனை முடிந்து, கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியும் முடிந்து வெளியே வந்தபோது நடு மத்தியானம். மைக்கைச் சுருட்டி வைத்துவிட்டு ரெத்தினதாஸும் வந்தார். சோனா பட்டனை அமுக்கினாள். வண்டி ஒரு முனகல்கூட முனகவில்லை. இப்போது வருகிற வண்டிகளுக்குக் கிக்கர் கிடையாது. தள்ளியும் பார்த்தார்கள். கிளம்பவில்லை.

போன் போட்டதும் மோகனன் கைலியோடு வந்து சேர்ந்தான். கிரிப்பைத் தொட்டுப் பார்த்து, "என்னா வெயிலு!" என்றான். ரெத்தினதாஸும் தொட்டார். "ஆமா, சுடுது. வெயிலாக்கும். பாட்டரி பழசாயிருக்கும்."

ஆனந்தபாயும் தொட்டாள், கையை உதறினாள். அவள் முகம் நவம்பர் மாதத்துக்குத் திரும்பிப் போய்விட்டதைச் சோனா பார்த்தாள். "நடு ஊர்ல, பட்டப்பகல்ல நின்னு போச்சு. அந்த மலையில, இருட்டுல, பனியில நின்னா யாரைக் கூப்பிடுவ? மோகனன் கைலியோட வட்டவடைக்கு வருவானா?"

"வரலாம் அக்கா, பஸ் செலவு..." என்று தொடங்கிய மோகனன், அவள் பார்வையைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

திங்கட்கிழமைக் கடிதம் போயே போய்விட்டது என்று சோனாவுக்குத் தோன்றியது. என்ன செய்வதென்று தெரியாத நேரத்தில் ஒரு மாட்டிடம் என்ன செய்வாளோ அதைக் கை தானாகச் செய்தது. பெட்ரோல் டேங்கின்மேல் உள்ளங்கையை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. சீட்டைத் தொட்டாள். அதுவும் குளிர்ச்சி. நிமிர்ந்து பார்த்தாள். தலைக்குமேல் சபை வளாகத்து அயனிமரம். வெயில் இறங்க இடமே இல்லாத அடர்ந்த நிழல்.

"இது வெயில் இல்ல" என்றாள். "மாட்டுக்கு உடம்பு ஜில்லுன்னு இருந்து காது மட்டும் சுட்டா வெயிலுன்னா சொல்லுவோம்? இது காய்ச்சலாக்கும்."

குனிந்து சுவிட்சைக் கைகளால் மறைத்து உள்ளே பார்த்தாள். அணையப்போகிற அந்தச் சிவப்புப் புள்ளி மினுங்கியது.

"அப்பா. சாவி எடுத்த பிறகும் இது ஓடிட்டே இருந்துருக்கு. டைரக்ட்."

ரெத்தினதாஸ் கிரிப்பைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், மோகனனைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்.

"மைக் செட்டுக்குச் சாவியே கிடையாதே மக்கா" என்றார் கடைசியில்.

முதலில் சிரித்தது மோகனன். அடுத்து அவரே சிரித்துவிட்டார், தோள் குலுங்க. "நான் சாவி வழியாண்ணு சொன்னேன்லா!" என்றான் மோகனன். "சொன்னே, சொன்னே. அதை ஏன் சத்தமாச் சொல்லல?" "உம்ம கிட்ட எவன் சத்தமாப் பேச? உம்ம கையிலல்லா மைக்கு இருக்கு!"

மோகனன் வேறொரு பாட்டரியைக் கொண்டுவந்து கொடுத்து வண்டியைக் கிளப்பினான். அன்று மாலையே வயரைச் சாவி வழியாகத் திருப்பிப் போட்டான். ரெத்தினதாஸ் பக்கத்தில் நின்று, ஒரு வார்த்தை பேசாமல், டார்ச் மட்டும் பிடித்தார். சாவியைத் திருப்பினால் சிவப்பு அணைந்தது. சோனா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அம்மா என்ன நினைக்கிறாள் என்பதுதான் தெரியவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது ஆனந்தபாய் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "வண்டி நாளைக்கும் நிக்கும். எல்லா வண்டியும் என்னைக்காவது நிக்கும். நானும் தொட்டேன், உங்க அப்பாவும் தொட்டாரு, மெக்கானிக்கு அவனும் தொட்டான். மூணு பேரும் வெயிலுண்ணு நின்னோம். நீ ஒருத்திதான் டேங்கைத் தொட்டுப் பாத்த."

"அப்ப?"

"அப்ப எழுது. வேற என்ன?"

திங்கட்கிழமை காலை இருவரும் நெய்யாற்றின்கரைத் தபாலாபீசுக்குப் போனார்கள். சோனா மலையாளத்தில் எழுதியிருந்ததை ஆனந்தபாய் தமிழில் சொல்லச் சொல்லி முழுவதும் கேட்டாள். சொந்தக் காரணங்களால் கொடுத்த இடமாற்ற விண்ணப்பத்தை வாபஸ் பெறுகிறேன், தற்போதைய இடத்திலேயே தொடர விரும்புகிறேன், இப்படிக்கு.

"அம்மைக்குச் சம்மதம் உண்டுண்ணு எழுதலியா?"

"ஆபீஸ் கடிதத்துல அதெல்லாம் எழுத மாட்டாங்கம்மா."

"எழுதாண்டாம். அப்ப இங்க தா, நான் ஒட்டுறேன்."

மேசையில் இருந்த பசைப் புட்டியில் குச்சியை முக்கி, காலர் தைக்கிற கவனத்தோடு உறையின் ஓரம் முழுக்க ஒரே அளவாகத் தடவினாள். மடித்தாள். கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அழுத்திக்கொண்டு போனாள். பிறகு மகளிடம் கொடுக்காமல் தானே வரிசையில் நின்று, தானே ஜன்னலுக்குள் நீட்டினாள்.

"ஸ்பீட் போஸ்ட்" என்றாள். உள்ளே இருந்தவர் முத்திரையை ஓங்கிக் குத்தி, உறையைப் பின்னால் இருந்த பைக்குள் போட்டார்.