விளக்கெரியும் சன்னல்

கனடாவில் தாதியாக இருந்த மகள் தாரகா, அவ்வூர் ஓவியர் ஒருவர் வரைந்த படத்தை அனுப்பியிருந்தாள். பனி மூடிய தெரு, ஆள் நடமாட்டமே இல்லை. ஒரே ஒரு சன்னலில் மட்டும் விளக்கு. "அதுதான்ப்பா என் வீடு" என்றாள் போனில்.

சிங்கப்பூர் பிடோக் வீட்டில் படத்தை மாட்டிய நாள்முதல், தாய் யோகம் ஃபேனை அந்தச் சுவர்ப் பக்கம் திருப்ப விட்டதில்லை. "பிள்ளைக்குக் குளிரும்" என்பாள்.

"உனக்குப் பைத்தியம் லா!" வியர்வையைத் துடைத்தபடி கணவர் பேரின்பநாயகம் எரிந்து விழுவார்.

பனியில் சறுக்கிய கார் தாரகாவைக் கொண்டுபோய்விட்டது. அங்கேயே எரியூட்டிவிட்டு இருவரும் திரும்பினார்கள். பூட்டிக் கிடந்த வீடு புழுங்கியது. யோகம் எதையும் பார்க்காமல் ஃபேனை இழுத்து வைத்துச் சுவிட்சைத் தட்டினாள். காற்று நேரே படத்தில் அடித்தது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து, பேரின்பநாயகம் ஃபேனைத் திருப்பினார்.